குனியாத சேரும் குனிந்த நானும்

தம்பிமாரே, இந்த வருடம் சேர்ந்திருக்கும் இரண்டு தங்கைமாரே,

நான் இருபத்தெட்டு வருடம் மனிதர்களின் முதுகைப் பார்த்தே சோறு சாப்பிட்டவன். கொல்ஃப் மைதானத்தில் பை தூக்குகிற கெடிக்கு இடம் அதுதான். ஆடுகிறவருக்குப் பின்னால் நாலு எட்டுத் தள்ளி, நம் நிழல் பந்தின்மேல் விழாமல், மூச்சுச் சத்தம் கேட்காமல் நிற்க வேண்டும். என்னைப் போன்ற கூச்சக்காரனுக்குக் கொழும்பில் இதைவிடப் பொருத்தமான வேலை இருந்திருக்காது. யாருடைய முகத்தையும் பார்த்துக் கதைக்கத் தேவையில்லை. முகம் பல நாடகம் போடும். முதுகுக்கு நடிக்கத் தெரியாது.

எந்தப் பொல்லால் அடித்தால் பந்து எவ்வளவு தூரம் போகும், மழை பெய்த மறுநாள் புல் எப்படி இழுக்கும், குழிக்கருகில் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கு மேற்பார்வையாளர் சொல்லித் தருவார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் அதை எழுதினால் பிழைதான் வரும். நான் எழுத நினைத்தது நாரியைப் பற்றி. இடுப்புக்கு மேலே, முதுகு முடிகிற அந்த ஒரு சாண் இடம். கொல்ஃப் ஆடுகிறவர்கள் ஆட்டத்தை விட்டுப் போவதற்கு வயதைவிட அந்த ஒரு சாண்தான் அதிகம் காரணமாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கெடிகள் வேலையை விட்டுப் போவதற்கும் அதுவேதான் காரணம்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

பதினாறு வருடம் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பை எப்போதும் வலது தோளில்தான் இருக்கும். இரண்டு தோளிலும் மாட்டுகிற பட்டியை, ‘அது வெளிநாட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை மாதிரி இருக்கிறது’ என்று வேண்டாம் என்றேன். பையை நிலத்திலிருந்து எடுக்கும்போது ஒரு பக்கமாகக் குனிந்து, திரும்பி, ஒரே இழுப்பில் தோளில் போடுவேன். பார்க்க அழகாக இருக்கும். அதற்காகவே அப்படிச் செய்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை, மைதானத்தில்கூட இல்லை, கொட்டாஞ்சேனையில் என் வீட்டில் சப்பாத்து நாடா கட்டக் குனிந்தேன். நிமிர முடியவில்லை.

“என்னத்தத் தேடுறீங்க?” என்றாள் மனைவி.

“ஒண்டுமில்ல” என்றேன் சப்பாத்தைப் பார்த்தபடி.

அவள் தேத்தண்ணி ஊற்றிவிட்டு வந்து பார்த்தாள். நான் அதே இடத்தில், அதே நிலையில்.

“இன்னும் கிடைக்கலயா?”

அதன்பிறகு படுத்தே கிடந்தால் சரியாகிவிடும் என்று நானே முடிவு செய்து இரண்டு வாரம் கிடந்தேன். அது இரண்டாவது பிழை. எழுந்தபோது முன்னைவிட மோசம். அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டு, உடற்பயிற்சி சிகிச்சை செய்கிற அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த மிஸ்ஸுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். இன்றுவரை நான் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுகிறேன். வேறு பெயர் என் வாயில் வராது.

மிஸ் என்னை நிற்கவைத்து, நடக்கவைத்து, ஒரு காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“அங்கிள், உங்கட நாரியில குற்றமில்லை. அது பாவம். வயிறும் வேலை செய்யேல்ல, பின்பக்கத் தசையும் நித்திரை. எல்லாற்ற வேலையையும் அது ஒண்டே தனியச் செய்யுது.”

பின்பக்கத் தசை எது என்று அவர் தன் கையாலேயே தன்மேல் தட்டிக் காட்டினார். நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன்.

மூன்று பயிற்சி சொல்லித் தந்தார். இவை பெரிய இரகசியம் இல்லை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, பாதத்தை ஊன்றி, இடுப்பை மட்டும் தூக்கி நிறுத்தி மெல்ல இறக்குவது ஒன்று. கை, முழங்கால் நான்கையும் ஊன்றி நின்று, வலது கையையும் இடது காலையும் சேர்த்து நீட்டுவது அடுத்தது. பிறகு மற்றப் பக்கம். முதுகில் ஒரு கோப்பை தேத்தண்ணி இருந்தால் சிந்தக்கூடாது, அவ்வளவு மெதுவாக. ஒரு பக்கமாகப் படுத்து, முழங்கையில் ஊன்றி, இடுப்பை நிலத்திலிருந்து எடுத்துப் பிடிப்பது கடைசி. இவற்றோடு தினமும் நடை. படுக்கக்கூடாது.

வீட்டில் நான்கு காலில் நின்றபோது மனைவி, “தேத்தண்ணிய உண்மையாவே வெச்சுப் பாப்பமா?” என்று கேட்டாள். வைத்தும் பார்த்தாள். முதல் வாரம் பாய் நனைந்தது. ஆறாவது வாரம் சிந்தவில்லை. நான் திரும்ப மைதானத்துக்கு வந்தேன், இரண்டு தோளிலும் பட்டி மாட்டிக்கொண்டு. யாரும் சிரிக்கவில்லை. யாரும் நம்மைப் பார்ப்பதே இல்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது.

ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வலி காலுக்கு இறங்கினால், கால் மரத்தால், சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தால் எந்தப் பயிற்சியும் செய்யாதீர்கள். நேரே டொக்டரிடம் போங்கள். இது மிஸ் சொன்னது. இதை என் சொந்தப் புத்தியாக நினைத்துச் சந்தேகப்பட வேண்டாம்.

ஆடுகிற எல்லா ஐயாமாரும் நமக்குச் சேர்தான். இனித் தேவா சேரின் கதை. நான் உண்மையில் சொல்ல வந்தது இதுதான்.

தேவா சேர் வெள்ளவத்தையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். அறுபத்திரண்டு வயதில் கடையை மகனிடம் கொடுத்துவிட்டார். அதன்பிறகு செவ்வாயும் சனியும் கொல்ஃப் ஆட வருவதுதான் அவருக்கு வீட்டைவிட்டு வெளியே போகிற ஒரே வேலை. பதினொரு வருடம் அவருடைய பை என்னுடைய தோளில். என்னிடம் நிறையக் கதைப்பார். நான் பதில் சொல்லமாட்டேன் என்பது அவருக்குப் பிடித்திருந்தது.

எங்கள் காலத்தில் நல்ல கெடி யார் என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: யாருடைய சேர் பதினெட்டுக் குழியும் முடிகிறவரை ஒருதரமும் குனியவில்லையோ, அவன். பந்தை வைக்கிற சின்ன மரக்குச்சியை நிலத்தில் குத்துவது நாம். பந்தை அதன்மேல் வைப்பது நாம். குழியிலிருந்து எடுப்பதும், துடைப்பதும், கிளம்பிய புல்லைத் திரும்பப் பதிப்பதும் நாமே. சேரின் கை புல்லில் பட்டால் அது நமக்கு வெட்கம். அந்த விஷயத்தில் நான் முதல்தரம். தேவா சேர் கையை நீட்டுவதற்கு முன்பே பந்து அங்கே இருக்கும்.

ஒரு தை மாதம் தேவா சேருக்கு நாரி பிடித்தது. பந்தை அடித்த வேகத்தில் அப்படியே நின்றுவிட்டார், திரும்பின தலை திரும்பினபடி. நானும் சரத்தும் தாங்கிப் பிடித்துக் காருக்குக் கொண்டுபோனோம். சரத் என்னோடு வேலை செய்த சிங்களப் பையன், நல்லவன், வாய் மட்டும் சும்மா இராது. வீட்டில் சேரின் மனைவி கதவைத் திறந்தார். இதற்கு முன் இரண்டு தடவை இப்படி நடந்திருக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“அன்டன், நீங்கள் சாட்சி” என்றார் மேடம். “இவர் டொக்டருக்கு முன்னால எனக்குச் சத்தியம் பண்ணினவர். திரும்பப் பிடிச்சால் விளையாட்டை விடுறதெண்டு. இந்த ஒருக்கா மன்னிக்கிறன், இனி நாரி பிடிச்சுப் படுத்தால் விளையாட்டு முடிஞ்சுது. இந்தப் பொல்லு பதினாலையும் பல்கணியில தக்காளிக்கு ஊண்டுதடியா நடுவன்.”

சேர் கட்டிலில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தார். நான் புறப்படும்போது மெல்லச் சொன்னார்: “கடையை மகனிட்டக் குடுத்திட்டன். இதையும் குடுத்தால் பேந்து எனக்கு என்ன கிடக்கு, அன்டன்?”

அடுத்த நாள் மிஸ்ஸைத் தேடிப் போனேன்.

மிஸ் எல்லாவற்றையும் கேட்டார். எத்தனை மணித்தியாலம் நடப்பார், எப்படித் திரும்புவார், காரில் எவ்வளவு நேரம் இருப்பார் என்று. கடைசியாக, “ஒரு நாளைக்கு எத்தினை தரம் குனிவார்?” என்றார்.

“குனியவே மாட்டார், மிஸ்” என்றேன், கொஞ்சம் பெருமையாக. “அதெல்லாம் நான் செய்வேன்.”

மிஸ் பேனையைக் கீழே வைத்தார்.

“அப்ப அங்கிள், பதினொரு வருசமா அவருக்கு வரவேண்டிய பலம் முழுக்க உங்களுக்கு வந்திருக்கு. குனிஞ்சு நிமிராத நாரி, ஒரு செக்கனில முழு வேகத்தில திரும்பச் சொன்னா என்ன செய்யும்?”

எனக்குக் காது சுட்டது. நான் மரியாதை என்று நினைத்துச் செய்ததெல்லாம் அந்த மனிதரின் முதுகைச் சோம்பேறியாக்கி வைத்திருக்கிறது. மிஸ் அதன்பிறகும் ஏதேதோ விளக்கினார். நான் வெட்கத்தில் பாதியைத்தான் கேட்டேன். ‘இனிமேல் அவரே குனியட்டும்’ என்பது மட்டும் மனதில் நின்றது.

அதுதான் என் மிகப் பெரிய பிழை.

இரண்டு மாதம் கழித்து சேர் மைதானத்துக்கு வந்தார். முதல் குழி. மூன்று பேர் ஆட நிற்கிறார்கள், மூன்று கெடிகள். தேவா சேர் வழக்கம்போலக் கால்களை அகட்டி நின்று, நான் குச்சி குத்துவதற்காகக் காத்திருந்தார். நான் குத்தவில்லை. பந்தையும் குச்சியையும் அவருடைய கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றேன்.

“என்ன அன்டன், கை சுளுக்கோ?”

“இல்ல சேர்.”

“அப்ப?”

ஏன் என்று விளக்க ஆறு சொல் போதும். அந்த ஆறும் வரவில்லை. சரத் என் காதருகே வந்து, “பிஸ்ஸுத அய்யே?” என்றான். பைத்தியமா அண்ணா என்று கேட்கிறான். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

“நேசரிப் பிள்ளைக்குப் பழக்கிற மாதிரிப் பழக்கிறியோ?” என்று சொல்லிக்கொண்டே சேர் குனிந்தார். முழங்காலை மடிக்காமல், முதுகை வில்லாக வளைத்து, கோபத்தில் படக்கென்று. குச்சி நிலத்தில் ஏறியது. அவர் நிமிரவில்லை. ஒரு கை நாரிக்குப் போனது.

அந்த ஒரு நிமிடத்தில் பல்கணித் தக்காளிச் செடிகள் எல்லாம் என் கண் முன்னால் வந்தன. நான் ஓடிப்போய் அவருடைய முழங்கையைப் பிடித்தேன். மெல்ல நிமிர்ந்தார். பிடித்துக்கொண்டது விட்டது, நல்ல காலம். ஆனால் அன்று ஆடவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காருக்குப் போனார். அடுத்த இரண்டு வாரமும் என்னைக் கூப்பிடவில்லை.

மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்து நான் முதல்முறை பார்த்தேன்.

“முதல் ஆறு கிழமை நிலத்தில படுத்துச் செய்யிற பயிற்சி. பேந்துதான் குனியப் பழகிறது. பேந்துதான் பந்து. சொன்னன்தானே? நீங்கள் கடைசியை முதல்ல செய்திருக்கிறியள். விளங்காட்டித் திருப்பிக் கேக்கக் கூடாதோ?”

கேட்டிருக்கலாம். தம்பிமாரே, கூச்சம் கெட்ட குணமில்லை. ஆனால் பாதி விளங்கிய ஒரு விஷயத்தை முழுதாய் விளங்கியவன்போல ஒருவர் உடம்பில் செய்து பார்க்கிற கூச்சம், கெட்டது.

அன்று பின்னேரமே வெள்ளவத்தைக்குப் போனேன். கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் நான்காவது மாடி. மணியை அடிப்பதற்கு முன் இரண்டு தடவை படியிறங்கித் திரும்ப ஏறினேன். சேரே கதவைத் திறந்தார்.

“மன்னிப்புக் கேக்க வந்தனியோ?”

“ஓம் சேர். மற்றது, சேரை ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவும்.”

“எங்க?”

நான் சொன்னேன். துண்டு துண்டாக, தரையைப் பார்த்து, ஆனால் முழுவதையும் சொன்னேன். பதினொரு வருடம் நான் குனிந்ததையும் சொன்னேன். உள்ளேயிருந்து மேடத்தின் குரல் வந்தது.

“போயிற்று வாங்கோ. தக்காளி இன்னும் முளைக்கேல்ல.”

மிஸ் மாலை வேளைகளில் வெள்ளவத்தையிலேயே ஒரு கிளினிக்கில் இருப்பார். சேரின் பையிலிருந்து ஒரு நீளப் பொல்லை எடுத்துவரச் சொல்லியிருந்தார். அதை நிமிர்த்திச் சேரின் முதுகோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார்.

“என்ர பொல்லால எனக்கே அடிக்கப் போறியளோ, பிள்ளை?”

“சொன்னது கேக்காட்டி அடிப்பன் சேர். தலைக்குப் பின்னால, தோளுக்கு நடுவில, வால் எலும்பில, மூண்டு இடத்திலயும் பொல்லு முட்டவேணும். முட்டினபடியே இடுப்பில மடங்குங்கோ. கதவை இடுப்பால தள்ளிச் சாத்துற மாதிரி, பின்பக்கம் பின்னுக்குப் போகவேணும்.”

சேர் மடங்கினார். பொல்லு தலையை விட்டு விலகியது. திரும்பச் செய்தார். வால் எலும்பை விட்டு விலகியது. எனக்கு அது எளிதாக வந்தது. ஆனால் சேருக்கு முன்னால் நான் செய்து காட்டவில்லை. தோற்கிறவருக்கு முன்னால் கெட்டித்தனம் காட்டுவது கெடிக்கு அழகில்லை.

நிலத்துப் பயிற்சி ஆறு வாரம். பொல்லு பிடித்துக் குனிவது நான்கு வாரம். அதன்பிறகுதான் மிஸ் பந்து எடுக்கிற விதத்தைக் காட்டினார். ஒரு கையால் பொல்லை ஊன்றிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைப் பின்னால் நேராக நீட்டி, உடம்பு முழுவதும் தராசுத் தண்டுபோலச் சாய்ந்து மற்றக் கையால் பந்தைத் தொடுவது. முதுகு வளையாது. வேலை முழுக்கத் தொடையிலும் பின்பக்கத் தசையிலும்தான். தேவா சேர் முதல்முறை அதை மைதானத்தில் செய்தபோது, பக்கத்துக் குழியில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் அவர் ஏதோ நேர்த்திக்கடன் செய்கிறார் என்று நினைத்து நின்று பார்த்தார்கள்.

ஆடும் விதமும் மெல்ல மாறியது. நாரியை முறுக்கித் திரும்பாமல் இடுப்பையும் நெஞ்சையும் சேர்த்துத் திருப்பப் பழகினார். காலி வீதி என்கிற அந்தப் பெரிய தெருவின் நெரிசலில் ஒரு மணித்தியாலம் காரில் உட்கார்ந்து வந்து, இறங்கின கையோடு பெரிய பொல்லை எடுத்து வீசுகிற பழக்கத்தை நிறுத்தினோம். இறங்கியதும் பத்து நிமிடம் நடை, பிறகு சின்னப் பொல்லு, பிறகுதான் மற்றது. சரத் முதலில் சிரித்தான். ஒரு மாதம் கழித்து, பொல்லு முதுகில் எந்த மூன்று இடத்தில் முட்ட வேண்டும் என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டான்.

அந்த வருடம் சோடிப் போட்டி வந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஒரே பந்தை மாறி மாறி அடிக்கவேண்டும். குறைந்த அடியில் முடிக்கிற சோடிக்கு அந்தக் குழி, அதிகக் குழி எடுக்கிறவர்களுக்கு வெற்றி. தேவா சேரின் சோடி நிசாம் சேர், கொள்ளுப்பிட்டியில் கண்ணாடிக்கடை வைத்திருப்பவர். இருவரும் பல வருடமாக அந்தப் போட்டியில் ஆடித் தோற்றவர்கள். அந்த முறை எப்படியோ கடைசி ஆட்டம்வரை வந்துவிட்டார்கள். எதிரே வங்கியில் வேலை செய்கிற இரண்டு பேர். நாற்பது வயதுகூட இல்லை.

மேடம் அன்று காலை எனக்குப் போன் எடுத்தார். “அவருக்குக் கிண்ணம் முக்கியம். எனக்கு முக்கியமில்லை. நாளைக்குக் காலமை அவர் தன்ர பாட்டில எழும்பவேணும். எழும்பாட்டி என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்.” எனக்குத் தெரியும்.

பதினைந்து குழி முடிந்தபோது இரண்டு பக்கமும் சமம். வெயில் ஏறிவிட்டது. பதினைந்தாவதில் தேவா சேர் அடித்து முடித்து நின்றபோது, அவருடைய பெருவிரல் நாரியில் போய் ஒருதரம் அமுக்கியது. அவருக்கே தெரியாமல். பின்னால் நிற்கிற எனக்கு மட்டும்தான் தெரிந்தது. இடுப்பு திரும்புவதும் குறைந்திருந்தது.

பதினாறாவதில் நிசாம் சேர் அடித்த பந்து ஒரு பெரிய மாரா மரத்துக்குக் கீழே, இரண்டு வேருக்கு நடுவில் போய்ப் படுத்துக்கொண்டது. அடுத்த அடி தேவா சேருடையது. வேருக்குள்ளிருந்து பலமாக அடித்துக் குழிக்கருகே கொண்டுபோக ஒரு வழி இருந்தது. பக்கவாட்டில் மெல்லத் தட்டி வெளியே எடுப்பது மற்ற வழி. அப்படி எடுத்தால் அந்தக் குழி அநேகமாகக் கை நழுவிப் போகும்.

“ஏழாம் நம்பரைத் தா.”

நான் பையின் வாயைக் கையால் மூடினேன். நானே திட்டமிட்டுச் செய்யவில்லை. கை போய்விட்டது.

“சேர், பந்துக்குப் பின்னால வேர். பொல்லு வேரில பட்டா அந்த அடி முழுக்க நாரிக்குத்தான் வரும். சேருக்கு இப்ப களைச்சிருக்கு. இடுப்பு திரும்பல.”

மைதானத்தில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். வங்கிக்காரர்கள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான் உன்னட்டக் கேட்டது பொல்லு. புத்தி இல்ல.”

“தெரியும் சேர்.”

நான் கையை எடுக்கவில்லை. நிசாம் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வந்தார்.

“மச்சான், இத்தின வருசத்துல இவன் வாயத் தொறந்து இண்டைக்குத்தான் பாக்கிறன். பல்லெல்லாம் இரிக்கிது. குடுக்கிறத எடு.”

“தோத்தால்?” என்று தேவா சேர் என்னைக் கேட்டார். என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“தோத்தா தோத்ததுதான் சேர்.”

சின்னப் பொல்லைக் கொடுத்தேன். அவர் பந்தைப் பக்கவாட்டில் தட்டி வெளியே விட்டார். அந்தக் குழியை இழந்தோம். பதினேழாவது குழி இரண்டு சோடிக்கும் சமம். பதினெட்டில் நிசாம் சேர் குழியை நோக்கித் தட்டிய பந்து விளிம்பைத் தொட்டுச் சுற்றி வெளியே நின்றது. அதுவும் சமம். ஒரே ஒரு குழியால் தோற்றோம்.

கைகொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். தேவா சேர் எல்லாரோடும் சிரித்தார். என்னோடு பேசவில்லை. தானே குனிந்து சப்பாத்து மாற்றிக்கொண்டு காரில் ஏறிப் போனார்.

“ஹரி அய்யே” என்றான் சரத், சரி அண்ணா என்று. “பொல்லு ஒண்டக் குடுக்காம மெச் ஒண்டையே குடுத்துட்டீங்க.”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வேரில் படாமலும் போயிருக்கலாம். அந்தக் குழியை வென்றும் இருக்கலாம். இதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்: நீங்கள் தடுத்த விபத்தை யாருக்கும் காட்ட முடியாது. நீங்கள் தோற்க வைத்த குழியை எல்லாரும் பார்ப்பார்கள். அந்த வேளையில் உங்கள் பக்கம் நிற்க ஆள் தேடாதீர்கள். பொல்லைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். நாரி அன்றே தீர்ப்புச் சொல்லாது. மறுநாள் காலையில்தான் சொல்லும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே போனை மேசையில் வைத்துவிட்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

“பாத்துக்கிட்டே இருந்தா அடிக்குமா?” என்றாள் மனைவி.

ஆறரைக்கு அடித்தது. மேடத்தின் நம்பர். நான் எடுத்தேன்.

“அன்டன், ஒருக்கா இவருக்குச் சொல்லுங்கோ. வீட்டு ஹோலுக்கு நடுவில பாயை விரிச்சு இடுப்பைத் தூக்கித் தூக்கி இறக்கிறார். கூட்டுற அக்கா விளக்குமாத்தோட வாசலில நிக்கிறா. எழும்புங்கோ எண்டால் இன்னும் பத்து இருக்காம்.”

“எட்டு” என்று தூரத்தில் சேரின் குரல் கேட்டது.

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

மேடம் குரலைத் தாழ்த்தினார். “மற்றது, எனக்கும் ரெண்டு மாசமா நாரி நோகுது. இவர் பழக்கிறன் எண்டு நிண்டு சத்தம் போடுறார். நீங்கள் ஒருக்காச் சொல்லித் தருவியளோ?”

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மிஸ்ஸிடம் வாங்கிய ஏச்சு இன்னும் ஆறவில்லை. “எனக்குத் தெரிஞ்சது பை தூக்க மட்டும்தான், மேடம். மிஸ்ஸிட்டப் போங்க. புதன், வெள்ளி பின்னேரம் இருப்பாங்க” என்றேன். அதற்குள் சேர் போனைப் பிடுங்கிவிட்டார். மூச்சு வாங்கியது.

“செவ்வாய்க்கிழமை வாறியோ?”

“வாறேன் சேர்.”

“அந்த வேருக்குள்ள பந்தை வைச்சு, ஏழாம் நம்பரால அடிச்சுப் பாக்கவேணும். போயிருக்குமோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியவேணும்.”

“பந்தைக் கொஞ்சம் தள்ளி வைப்பம் சேர்” என்றேன். “வேருக்கு வெளியில.”

அந்தப் பக்கத்தில் அவர் சிரித்தார்.

“நீ கதைக்காத காலமே நல்லாயிருந்தது, அன்டன்” என்றார்.